ட்ரெண்டைத் தேடிப் போன சோடா வண்டி

ஒரு விடுகதை. அவசரப்படாமல் கேளுங்கள்.

காலையில் பிறக்கும்போது அதை யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஊரே அதைப் பார்க்கும். சாயங்காலம் அதன் பேர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்குக் கால் கிடையாது; அதன் பின்னால் ஓடுகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். அது என்ன?

நிழல் என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. இல்லை. காய்ச்சலா? கிட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் அதுவும் இல்லை.

தவிட்டுக்குளம் மரகதம் சோடாக் கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு பேர் இதற்கு விடை கண்டுபிடித்தார்கள். அதன் பேர் ட்ரெண்டு என்று சரியாகவே சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பாஸ் மார்க் போட்டிருக்கலாம். அது ஓர் இடம், வண்டியில் போனால் பிடித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். சொன்னதோடு நில்லாமல் கிளம்பியும் போனார்கள்.

நாலு பேரில் மூத்தவர் இசக்கிராஜா. இருபத்திரண்டு வருஷமாக சோடா மெஷினை ஓட்டுகிறவர். அந்த மெஷின் 'கடகட, கடகட, புஸ்' என்று பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் மனைவி தகர டப்பாவைத் தட்டி, வாயால் 'புஸ்' என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொள்வார்.

அடுத்தவர் சந்தியாகு. பாட்டிலுக்கு மூடி அடிக்கிறவர். "மூடி போடாம ஒரு பாட்டிலும் கேட்டைத் தாண்டக் கூடாது" என்று முதலாளியம்மா என்றோ சொல்லியிருந்தார். அதனால் தாங்கள் குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரையும் சோடா பாட்டிலில் ஊற்றி, மூடி அடித்துத்தான் வெளியே அனுப்புவார்.

மூன்றாமவர் துரைப்பழம். கம்பெனியின் குட்டி வண்டியை ஓட்டுகிறவர். நாலாமவர் சொள்ளமுத்து. அவரிடம் போன் இருந்தது. அதுதான் அவர் வேலை.

அந்தக் கம்பெனியில் ஒரே சரக்குதான், பன்னீர் சோடா. பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். லேபிள்தான் அதற்கு முகம்.

இப்போது தவிட்டுக்குளத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே தேரோட்டம் மூன்று நாள். வடம் பிடிக்கிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க மைதானத்தில் ஒரே ஒரு சோடாக் கடைக்குத்தான் அனுமதி. முன்பு இரண்டு கடை இருந்தது. ஒரு வருஷம் இரண்டு கடைக்காரர்களும் பாட்டில்களை வீசிப் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து ஒன்றுதான்.

எந்தக் கம்பெனிக்குக் கடை என்பதை ஒரு குழந்தைதான் முடிவு செய்யும். ஒன்றாம் வகுப்பில் கடைசியாக எந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்ததோ அந்தப் பிள்ளை. மேஜைமேல் பாட்டில்களை வைப்பார்கள். பிள்ளை எதைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறதோ அதற்குத்தான் கடை. ஏன் முன்பல் விழுந்த பிள்ளை என்று கேட்டால், பல் முளைத்துவிட்டால் விலை பேசக் கற்றுக்கொள்ளும் என்பார்கள்.

ஒன்பது வருஷமாக மரகதம் சோடாதான் ஜெயித்தது. இந்த வருஷம் டவுனிலிருந்து ஜில்ஜில் என்று ஒரு கம்பெனி வந்து இறங்கியிருந்தது. பச்சை நிற சோடா. பாட்டிலைவிட விளம்பரம் பெரியது.

முதலாளியம்மா மரகதவல்லி மகளின் பிரசவத்துக்காக மும்பைக்குக் கிளம்பினார். ரயில் ஏறும்போது இசக்கிராஜாவைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் கடை நமக்கு வந்தா மெஷினு ஓடும், ராஜா. வரலைன்னா நான் திரும்பி வந்ததும் மெஷினை எடைக்குப் போட்டுட்டு, ஷெட்டைக் கட்டில் பீரோ விக்கிறவனுக்கு விட்டுருவேன். எனக்கும் வயசாகுது."

இசக்கிராஜா அவர் பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். "பாத்துக்கிடுதேன்ம்மா" என்றார்.

"நீ பாக்காண்டாம். என் மருமகன் கபிலன் மார்க்கெட்டிங்குல இருக்காரு. என்ன செய்யணும்னு சொல்லுவாரு. அவர் சொன்னதைச் செய். சொன்னதை மட்டும் செய்."

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் மும்பையிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சொள்ளமுத்து போனை மெஷின்மேல் வைத்தார். நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்கள்.

"அண்ணாச்சி, மூணே மூணு விஷயம். ஒண்ணு, ஜனங்க எல்லாரும் எதைப் பாக்குறாங்களோ அங்க நம்ம சோடா இருக்கணும். ரெண்டு, பேப்பர் படிச்சு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. முக்கியமான செய்தின்னா போனுக்கே வரும். மூணு, ஒரு ட்ரெண்டு முடிஞ்சதும் அடுத்ததுக்குப் போயிடணும், நிக்கவே கூடாது. அவ்வளவுதான். ஈஸி."

மூன்று தடவை போட்டுக் கேட்டார்கள். நாலாவது தடவை போன் சார்ஜ் தீர்ந்தது.

"ட்ரெண்டுன்னா என்னவே?" என்றார் சந்தியாகு.

"எல்லாரும் பாக்கறது" என்றார் சொள்ளமுத்து.

"எங்க இருக்கும்?"

"தினமும் ஒரு இடத்துல இருக்கும்."

இசக்கிராஜா யோசித்தார். "அப்ப அது சந்தை மாதிரி. திங்கக்கிழமை ஒரு ஊரு, செவ்வாக்கிழமை ஒரு ஊரு. நாமதான் சரக்கோட போகணும்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று மற்ற மூவருக்கும் தோன்றியது.

முதலில் இரண்டாவது கட்டளையை நிறைவேற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பேப்பர்காரர் முருகையா வழக்கம்போல ஷெட்டுக்குள் பேப்பரை வீசினார். இசக்கிராஜா அதைப் பிரிக்காமல் எடுத்து அவர் சைக்கிள் கூடையிலேயே திருப்பி வீசினார்.

"இனிமே வேண்டாம் வே."

"நாலாம் பக்கத்துல நம்மூர் சேதி இருக்கு. உங்களுக்கு முக்கியம்" என்றார் முருகையா.

"முக்கியமா இருந்தா போன்ல வரும்."

"நம்மூர் சேதி எப்படிவே போன்ல வரும்?"

"வரலைன்னா முக்கியம் இல்லன்னு அர்த்தம்."

முருகையா முப்பது வருஷமாகப் பேப்பர் போடுகிறவர். எல்லா மாதிரியான வாடிக்கையாளரையும் பார்த்தவர். சைக்கிளை மிதித்துப் போனார்.

அந்த நாலாம் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருந்தது. வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய சோடாத் தேர்வு, மின்தடை காரணமாகப் புதன்கிழமையே நடக்கும் என்று விழாக்குழு அறிவித்திருந்தது. அதாவது மறுநாள் பத்து மணிக்கு.

ஷெட்டுக்குள்ளோ சொள்ளமுத்து போனைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, கெடச்சிட்டு. முப்பது கிலோமீட்டர்ல ஒரு ஆடு தண்ணித் தொட்டிமேல ஏறி நிக்குது. ஒரு லட்சம் பேர் பாக்காங்க."

பத்துப் பெட்டி சோடா, இரண்டு பெட்டி குடிதண்ணீர். எல்லாம் மூடி அடித்தது. வண்டி புறப்பட்டது.

போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குக் கீழே பெரிய கூட்டம். எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடு ஒரு பக்கமாக நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எதைப் பாக்காங்க?" என்று கேட்டார் இசக்கிராஜா.

"ஆட்டை."

"அப்ப சோடா எங்க இருக்கணும்?"

"ஆட்டுக்குப் பக்கத்துல" என்றார்கள் மூவரும்.

இசக்கிராஜா ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினார். மேலே போய் ஆட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, லேபிள் தெரிகிற மாதிரி திருப்பினார். ஆடு அவரைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. பிறகு அவர் ஏறி வந்த படி வழியாகவே நிதானமாக இறங்கிப் போய்விட்டது.

காலையிலிருந்து தீயணைப்புக்காரர்களால் முடியாத காரியம். கூட்டம் கைதட்டி ஆட்டின் பின்னாலேயே போனது. தொட்டியடியில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அண்ணாச்சி, இப்ப எல்லாரும் கீழ பாக்காங்க" என்று கத்தினார் சொள்ளமுத்து.

"ஆட்டை மறுபடி மேல வரச் சொல்லு."

"அது கேக்க மாட்டேங்குது."

இசக்கிராஜா கால்மணி நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் தாமே நின்று பார்த்தார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். சோடா அங்கே இருக்கணும் என்றுதான் உத்தரவு. எடுத்து வரணும் என்று உத்தரவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வண்டியில் ஏறும்போதே அடுத்தது வந்துவிட்டது. நாடு முழுக்க ஜனங்கள் ஒரு மெட்டுக்குப் பின்னோக்கி நடந்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளை பின்னால் நடந்தார். டாக்டர் பின்னால் நடந்தார். செய்தி வாசிக்கிற பெண் எழுந்து பின்னால் நடந்தாள். எல்லாரும் பார்த்ததால் செய்தியில் அதையே போட்டார்கள். செய்தியில் அதையே போட்டதால் எல்லாரும் பார்த்தார்கள்.

"இது எந்த ஊர்ல நடக்கு?" என்றார் துரைப்பழம் சாவியைத் திருகியபடி.

"ஊரு கிடையாதுவே. அவங்கவங்க இருக்கற இடத்துலயே பின்னால போறாங்க" என்றார் சொள்ளமுத்து.

நாலு பேரும் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். இது கஷ்டமான கேள்வி. கடைசியில் இசக்கிராஜா சொன்னார்: "அப்ப நாமளும் இருக்கற இடத்துல இருந்து பின்னால போவோம்."

துரைப்பழம் ரிவர்ஸ் கியர் போட்டார்.

ஏழு கிலோமீட்டர் அப்படியே போனார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் பின்னால் வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எதிரே வந்து திட்டினார்கள். சந்தியாகு பின்பக்கம் உட்கார்ந்து வழி சொன்னார். எட்டாவது கிலோமீட்டரில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார்.

"ஏன் ரிவர்ஸ்ல வாறீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க சார்" என்றார் துரைப்பழம்.

போலீஸ்காரர் ரோட்டைப் பார்த்தார். எல்லாரும் நேராகத்தான் போனார்கள். "யாரு போறா?"

சொள்ளமுத்து போனைக் காட்டினார். போலீஸ்காரர் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். மெட்டு அவருக்கும் பிடித்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் வீட்ல வச்சுக்கோங்க. முதல்ல வண்டியைத் திருப்பு."

துரைப்பழம் கீழ்ப்படிந்தார். வண்டியைச் சரியாகத் திருப்பி நிறுத்தினார். மறுபடி ரிவர்ஸ் போட்டார். வந்த ஏழு கிலோமீட்டரும் திரும்பிப் போய், ஆடு இறங்கிய தொட்டியடியிலேயே வந்து நின்றார்கள்.

"என்னவே இது, நின்ன இடத்துலயே நிக்கோம்?" என்றார் சந்தியாகு.

"ட்ரெண்டுல இருக்கோம்லா" என்றார் இசக்கிராஜா.

புதன்கிழமை விடிந்தது. வண்டியிலேயே தூங்கி எழுந்த சொள்ளமுத்து போனைத் திறந்தார். பின்னால் நடக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். புதுசாக வேறு வந்திருந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் பாட்டிலிலும் டப்பாவிலும் பெயரை அழித்துவிட்டு, 'நான் யார் சொல்லுங்கள்' என்று படம் போட்டிருந்தன. ஜனங்கள் கீழே பெயரைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"பேரை விளம்பரப்படுத்தத்தானே கம்பெனி நடத்துதாங்க. எதுக்கு அழிக்காங்க?" என்றார் சந்தியாகு.

"அழிச்சாத்தான் தேடுவாங்களாம்" என்றார் சொள்ளமுத்து.

"நம்ம பாட்டில்ல பேரை அழிச்சா யாரு தேடுவா?"

"நாம தேடுவோம்" என்றார் இசக்கிராஜா. எவ்வளவு உண்மையாகச் சொன்னார் என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

சின்ன வாளியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொரு பாட்டிலாக நனைத்து லேபிளை உரித்தார்கள். மூன்று மணி நேரம். உரித்த பாட்டில்களை எல்லாம் வண்டித் தளத்தில் நிறுத்தினார்கள். குடிதண்ணீர்ப் பாட்டில்களில் லேபிள் ஏற்கெனவே இல்லாததால், வேலை முடிந்தவை என்று நினைத்து அவற்றையும் நடுவே நிறுத்தினார்கள்.

பிறகு துரைப்பழம் தாகம் என்று ஒரு பாட்டிலை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இதுல எது தண்ணி, எது சோடா?"

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன.

"திறந்து பாத்தா தெரியும்" என்றார் சந்தியாகு.

"திறந்துட்டா சோடா செத்துரும்" என்றார் இசக்கிராஜா. சோடா விஷயத்தில் அவருக்கு இளகிய மனசு.

நல்லவேளை, அவருக்கு ஒரு யோசனை வந்தது. குலுக்கினால் சோடா நுரைக்கும், தண்ணீர் நுரைக்காது. இருநூற்றுச் சொச்சம் பாட்டில்களையும் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பிரித்தார்கள். பாட்டில் பிரிந்தது. ஆனால் நாளைக்கு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

"சோடாவைத் தெக்க அடுக்கு. தண்ணியை வடக்க அடுக்கு" என்றார் இசக்கிராஜா. "எல்லாரும் கேட்டுக்கோங்க. எப்ப எடுத்தாலும் தெக்கதான் சோடா."

"தெக்க சோடா" என்று மூவரும் திருப்பிச் சொன்னார்கள்.

அப்போது வண்டி கிழக்கே பார்த்து நின்றது. ஆகவே ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

நுரை அடங்குவதற்குள் போன் கிணுகிணுத்தது. சொள்ளமுத்து பார்த்தார். "அண்ணாச்சி, பெருசு ஒண்ணு. ஏதோ ஒரு ஊர்ல ஒரு சின்னப் பிள்ளை பாட்டில் ரெண்டுல ஒண்ணைக் குடிக்கப்போகுதாம். லைவ்வா போகுது. நாப்பதாயிரம் பேர் பாக்காங்க."

"பாட்டிலா? நமக்குன்னே வச்ச மாதிரி இருக்கே. வழி போடு."

போனில் ஒரு பெண் வழி சொன்னாள். துரைப்பழம் ஓட்டினார். இடம் திரும்பு என்றாள், திரும்பினார். வலம் திரும்பு என்றாள், திரும்பினார். முப்பது கிலோமீட்டர் கழித்து, "சேருமிடம் வந்துவிட்டது" என்றாள்.

ஊர் நுழைவில் பெரிய பச்சை வளைவு. ஜில்ஜில் என்று எழுதியிருந்தது. தெருவெல்லாம் பச்சைக் கொடி. சுவரெல்லாம் பச்சைத் துணி. ஊர்ப் பேர்ப் பலகைமேலும் ஒரு பச்சைப் பாட்டில் படம் தொங்கியது.

"நல்ல ஊரா இருக்கே" என்றார் சந்தியாகு. "குளம்கூட நம்ம குளம் மாதிரியே இருக்கு."

"அங்க பாரும், நம்ம முருகையா மாதிரியே ஒருத்தர் சைக்கிள்ல வாராரு" என்றார் துரைப்பழம்.

இசக்கிராஜா தலையை நீட்டினார். "அய்யா, இங்கருந்து தவிட்டுக்குளம் எவ்வளவு தூரம்?"

முருகையா சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். "வண்டியை விட்டு இறங்குத தூரம்தான்" என்றார்.

இறங்கினார்கள். அப்போதுதான் இசக்கிராஜா பச்சைத் துணிக்கு நடுவே ஒரு தகர ஷெட்டைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து 'கடகட' இல்லை. 'புஸ்' இல்லை. அது அவருடைய ஷெட்டேதான்.

முருகையா நேற்றைய பேப்பரை எடுத்து, நாலாம் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார். "முக்கியமா இருந்தா போன்ல வரும்னீரே. வந்துட்டுல்லா? ஓடும். இன்னும் குடிக்கலை."

கோயில் வாசலில் மேஜை போட்டிருந்தது. விழாக்குழுத் தலைவர் ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜில்ஜில் கம்பெனி ஆள் ரீகன், கறுப்புக் கண்ணாடியோடு கேமராக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் முன்பல் இல்லாத ஆறு வயது தெய்வானை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

காரணம் இருந்தது. பத்து மணிக்கே வரச் சொன்ன பிள்ளையை ரீகன் விளம்பரத்துக்காகப் பச்சை சோடா குடிக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை. இரண்டாவது தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை சிரித்தாள், ஆனால் ஏப்பம் வந்தது. இப்படிப் பதினோரு தடவை.

"அது போட்டிக்கு முந்தின குடி. கணக்குல வராது" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொல்லியிருந்தார். தெய்வானையின் வயிறு அதைக் கணக்கில் எடுத்திருந்தது.

"மரகதம் கம்பெனி வந்தாச்சா? உங்க பாட்டிலை வையுங்க" என்றார் ஆவுடையப்பன்.

இசக்கிராஜா வண்டிக்கு ஓடினார். வண்டி இப்போது மேற்கே பார்த்து நின்றது. அவர் அவசரத்திலும் நிதானம் தவறவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் "அய்யா, தெக்கு எது?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேஜையின் இடது ஓரத்தில் வைத்தார்.

"லேபிள் எங்கவே?" என்றார் ஆவுடையப்பன்.

"அழிச்சாத்தான் தேடுவாங்க" என்றார் இசக்கிராஜா.

ரீகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் புது மரியாதையோடு பார்த்தார். "பெரிய விளம்பர ஏஜென்சி யாரையோ பிடிச்சிருக்கீங்க" என்றார்.

அந்த நேரத்தில் சொள்ளமுத்துவின் போனும் ரீகனின் போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஊரில் அறுபது அடி நீளத்துக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்கள். தோசையைத் திருப்பப்போகிறார்களாம்.

நாற்பதாயிரம் பேர் முப்பதாயிரம் ஆனார்கள். முப்பதாயிரம், நாலாயிரம் ஆனது. கேமராக்காரர் கேமராவை மடக்கினார்.

"எங்கவே போறீரு? பிள்ளை இன்னும் குடிக்கலை" என்றார் ஆவுடையப்பன்.

"குடிச்சாலும் யாரும் பாக்கப் போறதில்ல சார். எல்லாரும் தோசைக்குப் போயாச்சு" என்றார் ரீகன். தன் பச்சைப் பாட்டிலை மேஜையிலிருந்து எடுத்தார். "இதை அந்தத் தோசை பக்கத்துல வச்சாத்தான் எனக்கு வேலை மிஞ்சும்." காரில் ஏறினார். கார் போய்விட்டது.

"அண்ணாச்சி, நாமளும் கிளம்பணும். நிக்கவே கூடாதுன்னாரு" என்றார் துரைப்பழம்.

இசக்கிராஜா ஷெட்டைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். வாய்ஸ் மெசேஜை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சதும் போகணும்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"இது முடியலையே. பிள்ளை இன்னும் குடிக்கலையே. முடியாததை விட்டுட்டுப் போனா சொன்ன பேச்சைக் கேக்காதவன் ஆயிருவேன்."

மூவரும் யோசித்தார்கள். இதில் ஓட்டை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நின்றார்கள்.

அந்த வருஷம் அந்த மேஜையடியில் நிற்கவேண்டும் என்று தோன்றிய ஒரே கம்பெனி அதுதான்.

ஆனால் ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கினார். "ஒரு பாட்டிலை வச்சுக்கிட்டுப் பிள்ளையை எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல? தேர்வுன்னா ரெண்டு வேணும். எழுபது வருஷ வழக்கம்."

"இன்னொரு கம்பெனிக்கு எங்க போக?" என்றார் இசக்கிராஜா.

"உங்க பாட்டிலே இன்னொண்ணு வையும். எதைக் குடிக்காளோ அதுக்குக் கடை. ஆனா ஒண்ணு. அவ எதைக் குடிச்சு முடிக்காளோ அதையேதான் மூணு நாளும் வடம் பிடிக்கறவனுக்குக் கொடுக்கணும். வேற சரக்கு மைதானத்துக்குள்ள வரக் கூடாது."

"நம்ம கம்பெனியில எல்லாம் ஒரே சரக்குதான்" என்றார் இசக்கிராஜா பெருமையாக. "சந்தியாகு, இன்னொண்ணு எடுத்துட்டு வா. தெக்க இருந்து எடு."

இதற்கிடையில் துரைப்பழம், வெயில் படுகிறதே என்று வண்டியைத் திருப்பி வேப்பமரத்தடியில் கிழக்கே பார்த்து நிறுத்தியிருந்தார். சந்தியாகு சொன்னபடியே தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டில் எடுத்துவந்து வலது ஓரத்தில் வைத்தார்.

சொள்ளமுத்துவின் போன் மறுபடி கிணுகிணுத்து இசக்கிராஜாவின் கைக்கு வந்தது. மும்பையிலிருந்து முதலாளியம்மா. லைவ் பார்த்துக்கொண்டிருந்த கடைசி ஆறு பேரில் அவர் ஒருவர். படம் நின்றுவிட்டதே என்று கூப்பிட்டார்.

"என்ன ஆச்சு ராஜா? அந்தப் பச்சைக்காரன் எங்க?"

"தோசைக்குப் போயிட்டாரும்மா. இப்ப ரெண்டுமே நம்ம பாட்டிலு."

போனில் முதலாளியம்மாவின் குரல் ஏறியது. "ரெண்டுமே நம்மளுதா? அப்ப அவ எதைக் குடிச்சாலும் நமக்குத்தானே?"

"ஆமாம்மா."

"இனிமே நீ நெனச்சாலும் தோக்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"மெஷினு ஓடும் ராஜா" என்றார் முதலாளியம்மா. "பிள்ளை குடிச்சதும் சொல்லு. லைன்ல இருக்கேன்."

ஆவுடையப்பன் இரண்டு பாட்டில்களையும் திறந்தார். வலது பாட்டில் 'புஸ்' என்று சீறி அவர் சட்டை முழுவதும் தெளித்தது. இடது பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் இடது பாட்டிலைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். "இது ஏன்வே பேசாம இருக்கு?"

இசக்கிராஜா அந்தப் பாட்டிலை உற்றுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட எந்த சோடாவும் இப்படி இருந்ததில்லை.

"அடக்கமான சோடா" என்றார்.

ஆவுடையப்பன் அதை ஏற்றுக்கொண்டு, இரண்டையும் தெய்வானைக்கு முன்னால் நகர்த்தினார். தெய்வானை ஒரு ஏப்பம் விட்டாள். வலது பாட்டிலைப் பார்த்தாள். அதில் குமிழ் குமிழாக மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு இடது பாட்டிலைப் பார்த்தாள்.

இடது பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.